கொள்ளி வைக்க வந்தவர்

சாட்சிக் கூண்டில் ஏறுவதற்கு முன் மாமி செருப்பைக் கழற்றிச் சுவரோரமாக வைத்தார். அப்படிச் செய்யும்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை. கோயில் வாசலில் கழற்றுகிற பழக்கத்தில் செய்தாரோ, சொல்லப்போகும் சொல்லுக்குச் செருப்போடு நிற்கக்கூடாது என்று நினைத்தாரோ, எனக்குத் தெரியாது. வெறுங்காலோடு ஏறி, கூண்டின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, எதிரே நின்றவரைப் பார்த்தார். எதிரே நின்றவர் மாமியின் ஒரே மகன். என் அக்காவின் கணவர். என் அக்காவைக் கொன்றவர். "ஆர் வெட்டினது எண்டு கண்டீங்களோ அம்மா?" என்று அரச சட்டத்தரணி கேட்டார். "ஓம், கண்டனான். உதிலை நிக்கிற என்ரை மகன்தான்" என்றார் மாமி. சொல்லி முடித்ததும் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

நான் பின்வரிசை வாங்கில் அம்மாவின் பக்கத்தில் இருந்தேன். அத்தானின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. அவருக்கு இரண்டு பக்கமும் பொலிஸ்காரர் நின்றார்கள். இருந்தும் அவர் நிற்கும் இடத்திலிருந்து எங்கள் வாங்குவரை எத்தனை எட்டு, வாங்கிலிருந்து வாசல்வரை எத்தனை எட்டு என்றுதான் என் மனம் அளந்துகொண்டிருந்தது. அத்தான் என்ற சொல்லையும், அவர் என்ற மரியாதையையும் நான் இன்னும் விடவில்லை. என் தம்பி அவனென்றுதான் சொல்வான். எனக்கு வாய் வராது. பயந்த ஒருவரை மரியாதை குறைத்துச் சொல்லவும் ஒரு துணிவு வேண்டும் போலிருக்கிறது.

அக்காவைப் பெண் கேட்டு வந்தபோது அவர் நல்ல கடற்றொழிலாளி. பருத்தித்துறைக்குப் பக்கத்தில் எங்கள் கரையில் அவருடைய படகு தனியாகத் தெரியும். அக்காவுக்கும் அவருக்கும் பெண்குழந்தை பிறந்த பிறகுதான் சந்தேகம் தொடங்கியது. யாரோடு கதைத்தாய், ஏன் சிரித்தாய், கடைக்குப் போக ஏன் இவ்வளவு நேரம் என்று ஒவ்வொன்றாக வந்தது. அக்கா எங்களிடம் எல்லாவற்றையும் சொல்லவில்லை. சொன்னதையும் நாங்கள் குடும்பத்துக்குள் நடக்கிறதுதான் என்று எடுத்துக்கொண்டோம். ஒருநாள் காலையில் மாமி கிணற்றடியிலிருந்து குடத்தோடு வந்தபோது அது முடிந்துகொண்டிருந்தது. மாமி குடத்தைப் போட்டுவிட்டு, சுவர் மூலையில் ஒட்டிக்கொண்டு நின்ற குழந்தையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் ஓடிக் கதவைப் பூட்டினார். அத்தான் வந்து அந்தக் கதவைத் தட்டினார். உடைக்கவில்லை. சத்தம் போடவும் இல்லை. "அம்மா, கதவைத் திறவுங்கோ. பிள்ளையைத் தாங்கோ" என்று மெதுவாகச் சொல்லிச் சொல்லித் தட்டிக்கொண்டே இருந்தார். அயலவர்கள் வந்து சேரும்வரை மாமி குழந்தையின் காதுகளைப் பொத்தியபடி உள்ளே இருந்தார். அன்று அந்தக் கதவைத் திறந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று மாமியிடம் நான் ஒருபோதும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

குழந்தை எங்களிடம் வந்தாள். அவளை நான்தான் வளர்த்தேன். பெறாமகள் என்று உறவு சொல்வார்கள். அவள் என்னைச் சின்னம்மா என்று கூப்பிட்டாலும், காய்ச்சல் வந்தால் அம்மா என்பாள். காதுகளைப் பொத்திய கைகளைத் தாண்டியும் அந்தத் தட்டுதல் அவளுக்குள் போயிருந்தது. யாராவது கதவைத் தட்டினால் அவள் நின்ற இடத்தில் சிறுநீர் கழித்துவிடுவாள். அதனால் எங்கள் வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை என்று ஆகிவிட்டது. மீன்காரர், தபால்காரர், சொந்தக்காரர் எல்லோரும் வேலி வாசலில், படலையில் நின்று குரல் கொடுப்பார்கள். காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளாமல் எங்கள் அப்பா, ஐயா என்றுதான் கூப்பிடுவோம், கொக்கியில் பழந்துணி சுற்றி வைத்தார்.

தீர்ப்பு தூக்கு என்று வந்தது. ஆனால் இந்த நாட்டில் நெடுங்காலமாக யாரையும் தூக்கில் போடுவதில்லை, சாகும்வரை மறியலில், சிறைக்குள், வைத்திருப்பதுதான் என்று சட்டத்தரணி விளங்கப்படுத்தினார். அம்மா அதைக் கேட்டு, "அப்ப அவன் சாகமாட்டானோ?" என்று அழுதார். மாமி எங்களுக்கு முன்னே நடந்து போய் பஸ்ஸில் ஏறினார். பிறகு சில வருடங்களுக்கு ஒருமுறை, தூக்குத் தண்டனையைத் திரும்பக் கொண்டுவரப் போகிறார்கள் என்று வானொலியில் பேச்சு வரும். அப்போதெல்லாம் மாமி வீட்டில் அடுப்பு எரியாது என்று அயலவர் சொல்வார்கள். தன் வாயால் சொன்ன சொல் தன் பிள்ளையின் கழுத்தில் கயிறாக விழுமோ என்று அந்த மனுசி பயந்தார். எங்கள் வீட்டில் நாங்கள் வேறு பயத்தில் இருந்தோம். மன்னிப்புக் கொடுத்து அவரை வெளியே விட்டுவிடுவார்களோ, ஒருநாள் படலையில் அந்தக் குரல் கேட்குமோ என்று. ஒரே மனிதரை நினைத்து, இரண்டு ஒழுங்கை தள்ளியிருந்த இரண்டு வீடுகளிலும் வேறு வேறாகப் பயந்தோம்.

மாமி மாதம் தவறாமல் மறியலுக்குப் போய்வந்தார். முதலில் யாழ்ப்பாணத்துக்கு, பிறகு தெற்கே தூர ஊருக்கு அத்தானை மாற்றியபோது அங்கேயும். விடியமுன் எழுந்து சமைத்து, வாழையிலையில் கட்டிக்கொண்டு முதல் பஸ் எடுப்பார். வாசலில் அந்தச் சோற்றைக் கம்பியால் குத்திக் கிளறிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்களாம். ஒருமுறை அம்மா ஒழுங்கையில் வைத்து அவரை மறித்தார். "என்ரை பிள்ளையை வெட்டினவனுக்குச் சோறு கட்டிக்கொண்டு போறியளோ?" என்று கேட்டார். மாமி பொதியைக் கீழே வைக்கவில்லை. "கோட்டிலை உண்மையைச் சொன்னனான். அது உங்கடை பிள்ளைக்கு. இது நான் பெத்ததுக்கு. அவன் கொலைகாரன்தான். ஆனா அவனுக்கும் பசிக்கும்" என்றார். அம்மா வழிவிட்டார். நான் வேலிக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மாமியில் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, ஏனென்றால் எங்கள் குழந்தை உயிரோடு இருப்பதே அவரால்தான்.

அத்தானின் முன்பற்களை மறியலுக்குள் அடித்து உடைத்துவிட்டார்கள் என்று ஒருமுறை செய்தி வந்தது. யார் அடித்தது, காவலரா, மற்றக் கைதிகளா என்று தெளிவில்லை. மாமி அதற்காக யாழ்ப்பாணத்தில் மனித உரிமைக் கந்தோர் ஒன்றுக்குப் போய் முறைப்பாடு கொடுத்தார். மீன்சந்தையில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். "வெட்டினவனுக்கு மனித உரிமையாம்" என்று தம்பி காறித் துப்பினான். "அக்காவுக்கு இல்லாத உரிமை அவனுக்கு என்னத்துக்கு?" என்று என்னிடம் கேட்டான்.  அந்தப் பல்லுடைந்த செய்தி கேட்டபோது எனக்குள் ஒரு நிம்மதி ஊறியது உண்மை. பல்லில்லாத மனிதரை நினைத்துக் கொஞ்சம் குறைவாகப் பயப்படலாம் என்றுதான் முதலில் தோன்றியது. மாமி எங்கள் வீட்டுப் படலைக்கு வந்து குழந்தைக்குப் பனங்காய்ப் பணியாரம் தந்துவிட்டுப் போகும்போது, தம்பி கேட்கும்படியாகவே சொன்னார். "தூக்கெண்டாத் தூக்கு. நான்தானே சாட்சி சொன்னனான். பல்லை உடைக்கச் சொல்லி ஜட்ஜ் ஐயா சொல்லேல்லை. சொல்லியிருந்தா அதையும் கேட்டுக்கொண்டு வந்திருப்பன்."

மாமி ஒரு மாரிகாலத்தில் இறந்தார். நெஞ்சுநோ என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் உயிரில்லாமல் கொண்டுவந்தார்கள். செய்தி கேட்டதும் என் பெறாமகள் அழவில்லை. அப்போது அவள் பெரிய பிள்ளை, பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்பு. "அப்பம்மாவுக்குப் பந்தம் பிடிக்க நான் மட்டும்தான் இருக்கிறன்" என்றாள். பேரப்பிள்ளைகள் பிணத்தைச் சுற்றிப் பந்தம் பிடிப்பது எங்கள் வழக்கம். நான் தலையாட்டினேன். கொள்ளி வைக்க யார் இருக்கிறார்கள் என்று அந்த நேரத்தில் நான் யோசிக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் எங்கள் கதவை யாரோ தட்டினார்கள். பெறாமகள் தேநீர்க் கோப்பையோடு குசினி வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். நான் போய்த் திறந்தேன். நரைத்த மீசையோடு, காக்கி உடுப்பில் ஒருவர் நின்றார். ஜெயிலர் என்று தன்னைச் சொன்னார். தட்டக்கூடாது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

"தங்கச்சி, இண்டைக்கு மத்தியானம் உங்கடை அத்தானைச் செத்தவீட்டுக்குக் கொண்டுவரப்போறம். உங்களிட்டைச் சொல்லாமல் கொண்டுவரக்கூடாது எண்டுதான் முன்னாலை வந்தனான்" என்றார்.

"நான் வேண்டாம் எண்டு சொன்னால்?" என்று கேட்டேன்.

அவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். "தாய் செத்தா மறியல்காரனுக்கும் கேக்கலாம் எண்டு இருக்கு. மேலிடத்திலை அனுமதி குடுத்தாச்சு. அதை நீங்கள் குடுக்கவும் தேவையில்லை, நீங்கள் மறிக்கவும் ஏலாது. ஆனா உங்களுக்கும் பிள்ளைக்கும் ஒண்டும் வராமல் பாக்கிறது என்ரை வேலை. அவர் எங்கை நிக்கோணும், எவ்வளவு கிட்ட வரலாம், அதை நீங்கள் சொல்லுங்கோ. அப்பிடியே செய்யிறன்."

முதலில் கோபம்தான் வந்தது. எங்களைக் கேட்காமல் யாரோ ஒரு கந்தோரில் இருந்து தீர்மானித்திருக்கிறார்கள் என்று. ஆனால் அவர் தொப்பியோடு நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் கோபத்துக்கு அடியில் வேறொன்று இளகியது. ஓம் என்று சொல்கிற பாரத்தையும் இல்லையென்று சொல்கிற பாரத்தையும் என் தலையில் ஏற்றாமல் விட்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டிருந்தால் பயத்தில் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். தாய்க்குக் கொள்ளி வைக்க ஒருவர் வருவதா இல்லையா என்பது என் பயத்தின் அளவைப் பொறுத்திருக்கக்கூடாது என்று அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மனம் மட்டும் அதை உணர்ந்தது.

"கையிலை விலங்கு இருக்குமோ?" என்று பெறாமகள் பின்னாலிருந்து கேட்டாள்.

"இருக்கும் பிள்ளை. சுண்ணம் இடிக்கிற நேரம் மட்டும் கழட்டோணும். ஒரு கையாலை இடிக்கேலாது."

சுண்ணம் இடிப்பது என்றால் உலக்கை. உரலில் மஞ்சளும் மற்றப் பொருட்களும் போட்டு, இறந்தவரின் பிள்ளை உலக்கையால் இடிப்பார். கைகள் விடுபட்டிருக்கும் அந்த நேரத்தில்தான் அவர் கையில் உலக்கையைக் கொடுப்பார்கள் என்பது எங்கள் மூன்று பேருக்கும் ஒரே கணத்தில் விளங்கியது. ஜெயிலர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் பக்கத்திலைதான் நிப்பன்" என்றார்.

தம்பிக்கு இதைச் சொல்லவேண்டாம் என்று ஐயாவிடம் கேட்டுக்கொண்டேன். ஐயா அவனைப் பிடித்துவைத்துக் கரையில் வலை பிரிக்கச் சொன்னார். ஆனால் கரையில் செய்தி தம்பிக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது.

மாமி வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். மழை பெய்து ஓய்ந்து, பந்தலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் பெறாமகளின் மணிக்கட்டைப் பிடித்தபடி பெண்களுக்கு நடுவில் நின்றேன். என் விரல்கள் பட்ட இடத்தில் அவளுடைய நாடி அடிப்பது தெரிந்தது. அடித்தது அவளுடையதா என்னுடையதா என்பதும் சரியாகத் தெரியவில்லை. மறியல் வாகனம் ஒழுங்கைக்குள் திரும்பியதும் பறை நின்றுவிட்டது. ஒப்பாரி வைத்த பெண்கள் வாயை மூடினார்கள். அவ்வளவு சனம் நின்ற முற்றத்தில் காவலரின் சப்பாத்துச் சத்தம் தனியாகக் கேட்டது.

என் நினைவில் இருந்தவர் உயரமானவர், வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வருகிறவர். பந்தலுக்குள் வந்தவர் கூன் விழுந்த, தலை நரைத்த, கன்னம் உள்ளே போன ஒரு மனிதர். ஆளைச் சிறியவராகக் கண்டால் பயம் குறையும் என்று எதிர்பார்த்திருந்தேன். குறையவில்லை. இவ்வளவு சிறிய மனிதரா அதைச் செய்தார் என்று நினைத்தபோது பயம் வேறுவிதமாகக் கூடியது. அவர் நிலத்தைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை. தாயின் கால்மாட்டில் போய் நின்றதும் முழங்கால் மடிந்தது. இரண்டு காவலர் தூக்கி நிறுத்தினார்கள். குருக்கள் கிரியையைத் தொடங்கினார். பிறகு ஜெயிலரைப் பார்த்தார். ஜெயிலர் காற்சட்டைப் பையில் இருந்து திறப்பை எடுத்து விலங்கைத் திறந்தார். அத்தான் மணிக்கட்டுகளைத் தேய்த்துவிட்டு, நீட்டப்பட்ட உலக்கையை வாங்கினார். எனக்கு முன்னால் நின்ற பெண்கள் எல்லோரும் ஒரு எட்டுப் பின்னால் வந்தார்கள். யாரும் சொல்லி வரவில்லை.

அவர் இடிக்கத் தொடங்கினார். சுண்ணப் பாட்டு ஒருவர் படித்தார். அந்த நேரம்தான் தம்பியைக் கண்டேன். வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் புகுந்து, பந்தலின் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தான். கரையிலிருந்து நேரே வந்தவன், இடுப்பில் ஈரச் சாரம் கட்டியிருந்தான். வலது கை இடுப்பு மடிப்புக்குள் இருந்தது. மீன் வெட்டும் கத்தியை அவன் அங்கேதான் செருகி வைப்பான். காவலர்கள் முன்பக்கத்துச் சனத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தம்பியின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை நான் ஒருமுறையும் கண்டதில்லை. ஆனால் எனக்கு அது தெரிந்திருந்தது. அக்கா சாவதற்கு முன் கண்ட முகம் இப்படித்தான் இருந்திருக்கும்.

பெறாமகளின் கையைப் பக்கத்திலிருந்த பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு நடந்தேன். தம்பிக்கு முன்னால் போய், அவன் நெஞ்சில் முட்டும் அளவுக்குக் கிட்ட நின்றேன். எனக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில், அத்தான் உலக்கையோடு நின்றார். முதுகை அவருக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறேன் என்பது நின்ற பிறகுதான் உறைத்தது.  உலக்கை விழும் ஒவ்வொரு சத்தத்தையும் என் முதுகு கேட்டது.

"விலகு அக்கா" என்றான் தம்பி.

"போ."

"அவனை இப்பிடி நிண்டு கிரியை செய்ய விடுறியோ? அக்காவுக்கு ஆர் கிரியை செய்தது? ஐயாதானே செய்தவர். இவன் செய்தவனோ?"

"கையை வெளியிலை எடு" என்றேன். 

"எடுக்கமாட்டன்."

அப்போது பின்னால் உலக்கைச் சத்தம் நின்றுவிட்டது. பாட்டும் நின்றது. அந்த அமைதியில் நான் அனுபவித்த பயத்தைப்போல அதற்கு முன்னும் பிறகும் ஒன்றை அனுபவித்ததில்லை. உலக்கை இப்போது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தால் தம்பி என்னைக் கடந்துபோய்விடுவான். பார்க்காவிட்டால் பின்னால் என்ன வருகிறது என்று தெரியாது. கண்களைத் தம்பியின் கண்களிலிருந்து எடுக்காமல், அவனுக்கு மட்டும் கேட்கிறமாதிரிச் சொன்னேன். "நீ இதைச் செய்தாயெண்டால் உன்னையும் மறியலிலை போடுவினம். உன்ரை பல்லையும் உடைப்பினம். நானும் மாமி மாதிரி மாசாமாசம் சோத்தைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறவேணும். என்னாலை ஏலாது தம்பி. சத்தியமா என்னாலை ஏலாது."

 அவனுடைய கை மடிப்பிலிருந்து வெறுமையாக வெளியே வந்தது. திரும்பி, வந்த பொட்டுக்குள்ளாலேயே போனான். வேலியோரம் அவன் வாந்தி எடுத்த சத்தம் கேட்டது.

நான் திரும்பினேன். உலக்கை உரலில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அத்தான் ஜெயிலருக்கு முன்னால் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டிக்கொண்டு நின்றார். பூட்டச் சொல்லி யாரும் கேட்டிருக்கவில்லை. தம்பியைக் கண்டுவிட்டாரா, எனக்காகவா, தன்னை நினைத்தே பயந்தாரா என்று நான் இன்றுவரை அறியேன். ஜெயிலர் விலங்கை எடுக்கவில்லை. "இன்னும் முடியேல்லை. முடி" என்று மெதுவாகச் சொன்னார். அத்தான் மறுபடி உலக்கையை எடுத்தார்.

பந்தம் பிடிக்கும் நேரம் வந்தது. பெறாமகள் நெய்ப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சுற்றினாள். நான் கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். அவர் நின்ற பக்கம் அவள் வரும்போது சுவாலை நடுங்கியது. அத்தான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, அவள் தன்னைக் கடந்து போகும்வரை அப்படியே நின்றார். அவள் அவரைப் பார்த்தாளா என்று நான் பிறகு கேட்டேன். "அவரின்ரை காலைப் பாத்தனான். செருப்பில்லை" என்றாள். 

சுடலைக்குப் பெண்கள் போவதில்லை. கொள்ளி வைத்ததையும், தலை மழித்துக் கடலில் குளித்ததையும் பிறகு ஐயா சொல்லித்தான் கேட்டேன். குளிக்கும்போது ஒரு காவலர் சப்பாத்தைக் கழற்றாமலே அவரோடு தண்ணீருக்குள் இறங்கினாராம். வாகனம் திரும்பிப் போகும்போது எங்கள் படலையடியில் மெதுவாகியது. யன்னல் கம்பிக்குள்ளிருந்து அவர் "மச்சாள்…" என்றார். பழைய குரல். நான் காதைப் பொத்திக்கொண்டேன். "அவ கேக்கவேண்டியதில்லை. இரு" என்று ஜெயிலர் உள்ளே சொன்னது விரல்களுக்கு ஊடாகக் கேட்டது. வாகனம் போய்விட்டது. அவர் சொல்ல வந்தது என்னவென்று அறிய எனக்கு இன்றும் விருப்பமில்லை.

இதெல்லாம் நடந்து வருடங்கள் போய்விட்டன. அம்மாவும் ஐயாவும் இல்லை. தம்பிக்கு இரண்டு பிள்ளைகள். அந்தக் கத்தியைப் பற்றி நாங்கள் கதைத்ததில்லை. பெறாமகள் கம்பஸில் படிக்கிறாள். விடுதியில் கதவைத் தட்டாதேங்கோ என்று அறைத் தோழிகளிடம் சொல்லி வைத்திருக்கிறாளாம். எங்காவது பெரிய கொலை நடந்தால் தொலைக்காட்சியில் கூடியிருந்து விவாதிக்கிறார்கள். மிருகங்களுக்கு மனித உரிமை எதற்கு என்று ஒருவர் கேட்பார். மண்டபம் கைதட்டும். அந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. என் தம்பி கேட்டது. நானும் மனதுக்குள் கேட்டது. அதற்கு நல்ல பதில் சொல்லக்கூடிய படிப்பு எனக்கில்லை. ஆனால் அந்தப் பந்தலில் நான் நின்ற இடம் தெரியும். முன்னால் சட்டமில்லாத ஒரு கை, பின்னால் சட்டம் திறந்துவிட்ட இரண்டு கைகள். முன்னால் இருந்ததற்கு நான் கூடுதலாகப் பயந்தேன், அது நான் தூக்கி வளர்த்த கையாக இருந்தபோதிலும். குற்றம் செய்தவருக்கும் உரிமை உண்டு என்று ஒத்துக்கொள்ள எனக்கு இரக்கம் தேவைப்படவில்லை. பயமே போதுமாக இருந்தது. அவரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி யாரும் என்னைக் கேட்காததும் எனக்கு ஒரு ஆறுதல்.

நான் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை செய்கிறேன். போன மாதம் ஒரு முற்பகல், வழமையான சனம். யன்னலுக்குள்ளால் நீட்டப்படும் துண்டை வாங்கி, மருந்தை எடுத்து வைத்து, பெயரைக் கூப்பிட்டுக் கொடுப்பது என் வேலை. கத்தையிலிருந்து ஒரு துண்டை எடுத்தபோது அதில் அவருடைய பெயர் இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். வரிசையின் ஓரத்தில், காவலர் ஒருவருக்குப் பக்கத்தில், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வயது போனதால் மறுபடி வடக்குக்கு மாற்றியிருக்க வேண்டும். கால்கள் வீங்கியிருந்தன. எங்களுக்கு நடுவில் கண்ணாடியும் மரப் பலகையும் இருந்தன. இருந்தும் நான் ஒரு எட்டுப் பின்னால் போனேன். பக்கத்தில் வேலை செய்யும் பிள்ளை என் முகத்தைக் கண்டுவிட்டு, "அக்கா, நான் குடுக்கட்டோ?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது.

துண்டில் எழுதியிருந்த குளிசைகளில் ஒன்று யன்னலடித் தட்டில் முடிந்திருந்தது. முடிந்துபோனால் வெளியில் வாங்குங்கோ என்று சொல்லிவிடலாம். எல்லோருக்கும் சொல்கிறோம். ஆனால் அவரால் வெளியில் போய் வாங்க முடியாது. உள்ளே களஞ்சிய அறைக்குப் போனேன். இருட்டான அறை. ஒவ்வொரு பெட்டியாக இறக்கித் தேடினேன். அடியில் ஒன்று இருந்தது. எடுத்து வந்து பையில் போட்டு, வேளைகளை எழுதினேன். அத்தானின் பெயரை என் வாயால் நான் சொன்னதேயில்லை. சத்தமாகக் கூப்பிட்டேன். அவர் காவலரோடு யன்னலடிக்கு வந்தார். என்னை அடையாளம் கண்டதும் கண்களைத் தாழ்த்திக்கொண்டார்.

"இது காலமையும் பின்னேரமும் ஒவ்வொண்டு. சாப்பாட்டுக்குப் பிறகு. வெறுவயித்திலை போடக்கூடாது. உப்பைக் குறையுங்கோ" என்றேன். எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னேன். "விளங்கிச்சுதோ?"

"ஓம் மிஸ்" என்றார்.

பையை எடுக்க நீண்ட கையிலிருந்து என் விரல்களை நான் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அவர் எடுத்துக்கொண்டு போனார். பலகையின் விளிம்பைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். அடுத்த துண்டை எடுத்துப் பெயரைக் கூப்பிட்டேன். குரல் வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, இன்னொரு தடவை கூப்பிட்டேன்.